எழுந்தால் ஃபவுல்

எங்கள் கேப்டன் தூபாவுக்கு ஒரு கால்தான். வாய் மட்டும் நாலு பேருக்குச் சேர்த்து வைத்திருக்கிறாள். சண்டைக் காலத்தில் எங்கள் ஊர் கெர்மான்ஷாவில் விழுந்த குண்டு அவளுடைய இடது காலைக் கொண்டுபோனபோது அவள் சின்னப் பிள்ளை. "கால்தானே போச்சு, பசியா போச்சு?" என்று சொல்லி இன்றைக்கும் என் தட்டிலிருந்து கபாபை எடுத்துக்கொள்வாள். எங்கள் ஊரில் பெண்களுக்கென்று தரையில் உட்கார்ந்து ஆடும் வாலிபால் அணியைத் தொடங்கியவள் அவள்தான். வீடு வீடாகப் போய் டீ குடித்துக் குடித்தே எங்களைப் பொறுக்கி எடுத்தாள்.

ரூனாக்கை வெளியே கொண்டுவரத்தான் படாத பாடு பட்டாள். ரூனாக்குக்குப் பிறவியிலேயே வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவள் அம்மா அக்தரை எல்லாரும் மரியாதையாக 'கானும்' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அக்தர் கானுமைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மகளுக்கு நல்ல சாப்பாடு, நல்ல துணி, எதிலும் குறை வைத்ததில்லை. ஆனால் வாசல் மணி அடித்தால் போதும், அவளைப் பின்னறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவாள். வருகிறவர்கள் தன் பிள்ளையைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டுவதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. எனக்கோ அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் தூபாவின் தொல்லை தாங்காமல் அக்தர் கானும் இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு.

"ஒரு நாள் நானே வந்து பாப்பேன், தூபா. எம்பொண்ணப் பாத்து ஒருத்தி உச்சுக் கொட்டினாலும் அன்னைக்கோட சரி. அப்புறம் அவ வீட்டுலதான் இருப்பா."

"வாங்க கானும், தாராளமா வாங்க. எங்களப் பாத்து உச்சுக் கொட்ட எவளுக்கும் நேரம் இருக்காது" என்றாள் தூபா.

அந்த நாள் ஹமதான் ஊர் அணியோடு ஆடிய நாளாக வந்து வாய்த்தது. எங்கள் ஆட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் தலைபோகிற விஷயம்: பந்தைத் தொடும்போது உட்காரும் பாகம் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஒரு விரல் எழும்பினாலும் விசில் ஊதிவிடுவார்கள். கடைசி செட், இரண்டு பக்கமும் சமம். சர்வீஸ் ரூனாக்குடையது.

அவள் பந்தை மேலே போட்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா கதவு திறக்க வேண்டும்! தலையிலிருந்து கால்வரை மூடும் கறுப்புச் சாதரை இழுத்துப் பிடித்தபடி அக்தர் கானும் உள்ளே வந்தாள்.

எங்கள் வீடுகளில் கம்பளத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் உள்ளே வந்தால், காய்ச்சலில் கிடந்தாலும் கையை ஊன்றிப் பாதியாவது எழுந்திருப்போம். யோசித்துச் செய்வதில்லை, உடம்பே செய்துவிடும். ரூனாக்கின் உடம்பும் செய்தது. பாதி எழுந்தபடியே பந்தை அடித்தாள். ஆகா, என்ன அடி! ஹமதான்காரிகள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கோட்டுக்குள் விழுந்துவிட்டது. கூடவே விசிலும் வந்தது. ஃபவுல். புள்ளி அவர்களுக்கு.

"கண்ணு எங்கடீ வச்சிருக்கே? எரும, எரும!" என்று கத்திவிட்டேன் நான்.

அது போதாதென்று பார்வையாளர் வரிசையில் ஒருத்தி, "ஐயோ பாவம், புள்ள தடுமாறிப் போச்சே" என்று உச்சுக் கொட்டினாள். அவள் வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும்.

அக்தர் கானுமின் முகம் செத்துப்போனது.

"ரூனாக், கெளம்பு. போதும்."

ரூனாக் ஊன்றுகோலைத் தேடினாள். தூபா டைம் அவுட் கேட்டுவிட்டுத் தரையில் சரசரவென்று நகர்ந்து கோட்டுக்கு வெளியே, அக்தர் கானுமின் காலடிக்கே போய்விட்டாள்.

"நில்லுங்க கானும். அவ தடுமாறினான்னா நெனச்சீங்க? உங்களப் பாத்து எழுந்தா. இத்தன பேரு ரெண்டு காலோட உக்காந்திருக்காளுங்களே, ஒருத்தியாவது உங்களுக்கு எழுந்தாளா?"

அக்தர் கானும் மகளைப் பார்த்தாள். "எனக்காகவா எழுந்தே?"

"தெரியாம எழுந்துட்டேம்மா." ரூனாக் தலையை நிமிர்த்தவில்லை. "வீட்டுக்கு யாராச்சும் வந்தா நீங்க எல்லாரும் எழுந்திருப்பீங்கல்ல. சத்தம் கேக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் நானும் எழுந்துட்டுத்தான் உக்காருவேன்."

அக்தர் கானும் சாதர் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்து உறைத்தது.

"இப்ப உக்காருங்க" என்றாள் தூபா. "நாற்காலி வேணாம், தரையில. நீங்க ஒசரத்துல நின்னா எங்களுக்கெல்லாம் எழுந்திரிக்கத் தோணும். மேட்ச் கந்தலாயிடும்."

முழங்கால் வலியோடு அந்த அம்மாள் கோட்டோரம் தரையில் உட்கார்ந்தாள். ஆட்டம் முடியும்வரை அசையவில்லை. அப்படியும் தோற்றோம். ரூனாக்கால் அல்ல, ஹமதான்காரி அடித்த பந்து என் கையில் பட்டு வெளியே ஓடியதால்தான். "கண்ணு எங்கடீ வச்சிருக்கே, எரும?" என்று தூபா என் காதில் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அணி முழுவதையும் அக்தர் கானும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். டீயும் அரிசிமாவு பிஸ்கட்டும் வந்தன. தோற்றவர்கள் சாப்பிட்ட மாதிரியே இல்லை, தட்டு தட்டாகக் காலி செய்தோம். அப்போது வாசல் மணி அடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள். பழக்கதோஷம், ரூனாக் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

வந்தவர்கள் உட்கார்ந்து நலம் விசாரித்து முடித்தார்கள். அக்தர் கானும் பின்னறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ரூனாக்! அங்க என்ன பண்றே? விருந்தாளிங்க வந்திருக்காங்க, இங்க வா."

கதவு திறந்தது. ரூனாக் அறை வாசலில் வந்து நின்றாள். அக்தர் கானும் கம்பளத்தில் கையை ஊன்றி, முழங்காலைத் திட்டிக்கொண்டே, மகளுக்காக எழுந்தாள். வீட்டுக்காரியே எழும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரிகளும் எழுந்தார்கள். நாங்களும் கையை ஊன்றினோம். ரூனாக் வாசலிலேயே மலைத்து நின்றாள்.

"பிர்ர்ர்!" என்று தூபா வாயாலேயே விசிலடித்தாள். "ஃபவுல்! கானும், எழுந்தா ஃபவுல்!"

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அக்தர் கானும். பெரியவர்களை உட்கார வைக்கும் மேல்பக்கத்துத் திண்டைத் தட்டி, "மேல வாம்மா, இங்க வந்து உக்காரு" என்றாள். ரூனாக் வந்து உட்காரும்வரை அவள் உட்காரவில்லை.