மூன்றாவது பேஸுக்கு அடியில் இருந்த வீடு

கல்லூரியின் பேஸ்பால் மைதானத்தை இருபத்திரண்டு வருடம் பராமரித்தவள் நான். புல் வெட்டுவது, செம்மண்ணை வாரிச் சமன் செய்வது, ஆட்டத்துக்கு முன் சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் என் கைவேலை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

காரணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் ஆற்றோரத் தெரு என்று ஒன்று இருந்தது. பதினொரு வீடுகள், எல்லாம் நாங்களே மண்செங்கல் அறுத்துக் கட்டியவை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அந்த நிலத்தைக் கல்லூரி கேட்டது, நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது, முப்பது நாள் கெடு. முப்பத்தோராம் நாள் காலையில் புல்டோசர் வந்துவிட்டது. எனக்கு அப்போது மூன்று வயது. அடுத்த வசந்தத்தில் எங்கள் சமையலறை மேல் கல்லூரிப் பையன்கள் ஓடினார்கள்.

போன வருடம் மைதானத்தைப் புதுப்பித்தார்கள். செயற்கைப் புல், புது வடிகால், புது விளக்குகள். விளையாட்டுத் துறைத் தலைவர் பிராண்ட்வோல்ட், எங்கோ வடக்கே மினசோட்டாவிலிருந்து வந்தவர், மைதானத்தின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்தார். முதல் வரியே 'புதர் மண்டிக் கிடந்த காலி நிலத்தில்' என்று ஆரம்பித்தது.

அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "இங்க வீடுங்க இருந்துச்சு."

"அப்படியா எலோயிசா? எங்ககிட்ட இருக்கற பதிவுல காலி நிலம்னுதான் இருக்கு."

"அந்தப் பதிவ எழுதினது யாரு?"

அவர் சிரித்தார். புத்தகத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் இரண்டாவது வாரம், இடப்புற மூலையில் வடிகாலுக்குத் தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் சட்டென்று நின்றது. ஓட்டியது லூசெரோ, என் தம்பியோடு படித்தவன். "அக்கா, இங்க வா" என்று கூப்பிட்டான். குழிக்குள் சிவப்புச் சாயம் பூசிய சிமெண்டுத் தரை, ஒரு மூலையில் அடுப்புப் புகைக்கரி அப்படியே இருந்தது.

பிராண்ட்வோல்ட் வந்து எட்டிப் பார்த்தார். "உடைச்சு லாரில ஏத்துங்க. திங்கக்கிழமை புல்லு வருது."

"இது காலி நிலமாச்சே," என்றேன். "காலி நிலத்துக்கு அடுப்பு எதுக்கு?"

"எலோயிசா, இது மைதானம். மியூசியம் இல்ல."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா ஹெனோவேவாவுக்கு எண்பத்து நான்கு வயது. அடுப்பில் பச்சை மிளகாய்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்தாள், நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் அழுவாள் என்றுதான் நினைத்தேன். குழி விளிம்பில், தான் பிடித்து நடக்கும் நடைவண்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது நம்மது இல்லடீ. இது மோந்தோயா வீடு. அவதான் தரைக்குச் சிவப்பு அடிச்சா, பீத்திக்கிட்டு. நம்ம வீடு அங்க." ஓடுபவர்கள் மிதித்துப் போகும் வெள்ளைத் திண்டுகளில் ஒன்றை, மூன்றாவது பேஸைக் காட்டினாள். "அங்க தோண்டு."

"அம்மா, அங்க தோண்ட வேலை இல்ல," என்றார் பிராண்ட்வோல்ட், மரியாதையாகத்தான்.

"ஒன்ன யாரு கேட்டா?"

லூசெரோ என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பொக்லைனைத் திருப்பினான். அவனுடைய அத்தை வீடும் அந்தத் தெருவில்தான் இருந்தது. அவர் கத்தக் கத்த அவன் மூன்றாவது பேஸைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோண்டினான். நாலடி ஆழத்தில் எங்கள் வாசற்படிக் கல் வந்தது. அம்மா அதைப் பார்த்துத் தலையாட்டினாள். "சரி. இப்ப மத்தவங்களுக்குச் சொல்லு."

மாலைக்குள் அந்தத் தெருக் குடும்பங்களிலிருந்து அறுபது பேர் வந்துவிட்டார்கள். மறுநாள் செய்தித்தாள்காரர்கள் வந்தார்கள். புல் ஒரு மாதம் தள்ளிப்போனது. லூசெரோவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவனுக்கு வேறு இடத்தில் கிடைத்துவிட்டது. புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் தோண்டியதையெல்லாம் மூடி, மேலே அதே செயற்கைப் புல்லைத்தான் விரித்தார்கள்.

திறப்பு விழாவுக்கு முன்பு நுழைவாயிலில் ஒரு வெண்கலப் பலகை வைத்தார்கள். பதினொரு குடும்பங்களின் பெயர்கள், மேலே ஒரு வரி: 'இம்மைதானத்துக்காகத் தங்கள் வீடுகளை வழங்கியவர்கள்.'

வழங்கியவர்களாம்.

வண்டியிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, பட்டப்பகலில், பயிற்சியாளரும் பையன்களும் பார்த்துக்கொண்டிருக்க, நாலு திருகாணியையும் கழற்றினேன். பலகையைக் கொண்டுபோய் பிராண்ட்வோல்ட் மேசையில் போட்டேன்.

"நாங்க குடுக்கல. அந்த வார்த்தைய மாத்துங்க. மாத்தினா நானே மாட்டித் தர்றேன்."

"இதுக்காக வேலை போகும், தெரியுமா?"

"தெரியும்."

போயிற்று. சாவிக்கொத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச்சில் புதுப் பலகை வந்தது. மாட்ட என்னைக் கூப்பிடவில்லை. அம்மா பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்துப் போனேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி வாசித்தாள். 'இவ்விடத்தில் பறிக்கப்பட்ட வீடுகளின் நினைவாக.' பெயர்களையும் எண்ணினாள். பதினொன்றும் இருந்தன.

"பறிக்கப்பட்ட," என்றாள். "யாரு பறிச்சா? அதக் காணோமே."

"அது வராதும்மா."

"ஏன் வராது?" நடைவண்டியை அலுவலகக் கட்டடத்தின் பக்கம் திருப்பினாள். "அந்த ஆள் இன்னும் அங்கதான ஒக்காந்திருக்கான்?"