தொட்டி விளிம்பில் ஒரு மோதிரம்

மோதிரம் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் கிடந்தது. என் கைக்கு ஒரு சாண் தூரம். ரொட்டிக்கு மா பிசைவதற்காக வீட்டுக்கார நஸ்லியா ராத்தா கழற்றி வைத்திருந்தார்.

அக்குறணையில் இந்த வீட்டு வேலைக்கு வந்து பத்தொன்பது நாள். நான் களவுக் கேசில் உள்ளே இருந்தவள் என்று ராத்தாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே வெளியே போ என்பார். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் என் மகள் தர்ஷிகா ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். இந்த வேலை போனால் அவள் படிப்பும் போச்சு.

அரபு நாட்டிலும் இப்படித்தான் ஒரு மோதிரம். அந்த வீட்டு மேடம் குழாயடியில் மறந்துவிட்டுப் போனார். தண்ணீரோடு போய்விடுமே என்று எடுத்து, என் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டேன். எங்கள் தோட்டத்தில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்வாள்: கொழுந்து மலையில் ஒரு தோட்டுத் திருகு கண்டெடுத்தாலும் முந்தானையில் முடிந்து வைத்து, உரியவளிடம் கொடுப்பதுதான் வழக்கம். மூளை கெட்டவள் நான், வேலை மும்முரத்தில் கொடுக்க மறந்துபோனேன். போலீஸ் வந்து முடிச்சை அவிழ்த்தது. கோர்ட்டில் எவன் கேட்டான் கொழுந்து மலைக் கதையை? மூன்று வருஷம் போட்டார்கள். பாதியை அங்கே கழித்தேன். மிச்சத்தை உன் நாட்டில் கழி என்று விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றினார்கள்.

அதனால் இந்த மோதிரத்தைத் தொடவில்லை. முருகா, நீயே பார்த்துக்கொள் என்று தட்டுகளைக் கழுவினேன். தட்டொன்று இடித்தது. மோதிரம் உருண்டு தண்ணீர் போகும் துவாரத்தில் விழுந்தது. எட்டிப் பிடித்திருக்கலாம். கை வரவில்லை. ராத்தா மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தார்.

"சுபா, என்ட மோதரம் எங்க?"

"நான் எடுக்கல! சத்தியமா எடுக்கல ராத்தா!"

முந்தானையை உதறிக் காட்டினேன். சிறையில் சோதனைக்கு நீட்டுவதுபோல் இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். பிறகு வாய் நிற்கவில்லை. அரபு நாடு, தலைத்துணி முடிச்சு, கொழுந்து மலை வழக்கம், விலங்கு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஓட்டைக்குள்ள விழுந்திருச்சி. பாத்துக்கிட்டேதான் நின்னேன். தொடப் பயம்."

ராத்தாவின் கணவர் அரூஸ் வந்து தொட்டிக்குக் கீழே குழாயைக் கழற்றினார். அந்தக் கால் மணி நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். எச்சில் சோற்றோடு மோதிரம் வாளிக்குள் விழுந்தது.

எப்படியும் போகத்தான் சொல்வார் என்று பையை எடுத்தேன். ராத்தா மோதிரத்தைக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார்.

"மா இன்னும் பிசஞ்சி முடியல்ல. அதுவரைக்கும் ஒங்கட முந்தானையில முடிஞ்சி வைங்க."

"ஐயோ, வேணாம் ராத்தா!"

"முடிங்க."

முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாம் தடவை இறுகியது. அவர் மாவை உருட்டி முடிக்கும்வரை, அந்த முனையை எல்லோரும் பார்க்கும்படி முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, குசினி நடுவில் அசையாமல் நின்றேன்.