ஒத்தப்பல்லு

சோலைக்குக் கல்யாண ஆசை வந்த நாளிலிருந்து அந்த ஏலத்தோட்டத்தில் ஒருத்தருக்கும் நிம்மதியில்லை. காய் பறிக்கும்போது பாட்டு, உலர்த்தும் கொட்டகையில் பாட்டு, கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டும் பாட்டு. எல்லாம் போடியில் இருக்கும் தவசியின் மகள் சுப்புத்தாய் செய்த வேலை. சந்தையில் அவள் இவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டாள், அத்தோடு பயல் தொலைந்தான்! அவளுக்கும் இவன்மேல் இஷ்டம்தான். ஆனால் தவசி, "மலையில கிடக்கிற பயலுக்கா பொண்ணைக் குடுக்கிறது?" என்று முறுக்கிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்குத் தேவாரம் என்ற ஊரில் அவருடைய அக்கா மகன் கன்னையன் வேறு வெள்ளை வேட்டியும் கையுமாகக் காத்திருந்தான்.

இப்படியிருக்கையில் ஒரு வியாழக்கிழமை, கழுதைகள்மேல் அரிசி ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்த ராக்கையா ஒரு சேதி கொண்டுவந்தான்.

"ஏலே சோலை, உனக்கு நல்ல காலம்டா! தவசி அண்ணனுக்கு எட்டு நாளா வாயுக் கோளாறு. வயிறு உப்பிக் கல்லாக் கிடக்கு. வைத்தியத்துக்கு ஒத்தப்பல்லு வேணுமாம், அது மலையிலதான் கிடைக்குமாம். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீ கொண்டாந்தா பொண்ணு உனக்கு. இல்லேன்னா தேவாரத்துக்காரங்களோட வெத்திலை பாக்கு மாத்திருவேன்னாரு. வெரசாப் போ!"

சொன்னவன் நிற்கவில்லை. கழுதைகளை ஓட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டான்.

ஒத்தப்பல்லு என்றால் பூண்டு ஐயா, பூண்டு! பல் பல்லாகப் பிரியாமல் ஒரே பல்லாகத் திரண்டு விளைகிற மலைப்பூண்டு. போடியில் அது நண்டுசிண்டுக்கெல்லாம் தெரியும். ஆனால் சோலை பால்பல் விழுந்த வயதிலேயே மலையேறியவன். தோட்டத்து அடுப்படியில் மலையாளத்துச் சமையல்காரர் 'வெளுத்துள்ளி' என்பார், இவனும் வெளுத்துள்ளி என்பான். ஒத்தப்பல்லு என்ற பேரில் அவனுக்குத் தெரிந்தது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். பக்கத்துக் குடிசை மொக்கையன்.

மொக்கையனுக்கு வாயில் மிச்சமிருந்தது முன்பல் ஒன்றுதான். அதனால் தோட்டம் முழுக்க அவரை ஒத்தப்பல்லு என்றே கூப்பிடும். சுளுக்கு வழிப்பதில் கெட்டிக்காரர். ஆகவே வைத்தியத்துக்கு ஒத்தப்பல்லு வேண்டும் என்றதில் சோலைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இடறியது. ஒரு மனுசனைக் கூட்டிக்கொண்டு வா என்றல்லவா சொல்ல வேண்டும், கொண்டா என்கிறாரே? யோசித்தான். மொக்கையனுக்கு முழங்கால் பிடிப்பு, நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுவார். நடக்க மாட்டாதவரைக் கூட்டிக்கொண்டா போக முடியும், கொண்டுதான் போக வேண்டும்! அடேயப்பா, மாமா எவ்வளவு விவரமாகச் சொல்லியனுப்பியிருக்கிறார் என்று பூரித்துப்போனான்.

"நான் வரலடா," என்றார் மொக்கையன். "இறக்கத்துல நீ என்னையப் போட்டுருவ."

"அண்ணே, எம் பொழப்பே உங்க கையிலதான் இருக்கு. விருந்து போடுவாங்கண்ணே."

"பல்லில்லாதவனுக்கு என்ன விருந்து? பாயாசம் உண்டா?"

"உண்டு."

"அப்பத் தூக்கு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் போடிமெட்டுப் பாதையில் இறங்கினார்கள். முதுகில் மொக்கையன், அவர் விழாமலிருக்கத் துண்டால் ஒரு கட்டு. மனுசன் சும்மா வந்தாரா? வலப்பக்கம் திரும்ப வலக்காதைத் திருகினார், இடப்பக்கத்துக்கு இடக்காது. சோலைக்கு அதெல்லாம் உறைக்கவேயில்லை. சுப்புத்தாய், சுப்புத்தாய் என்று எட்டுக்கு ஒரு தரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினான். மலையடிவாரத்து முந்தல் ஊரில் எதிரே வந்தவர்கள், "என்னப்பா முதுகுல?" என்று கேட்டதற்கு, "மருந்து!" என்று கத்திவிட்டு நிற்காமல் போனான்.

தவசி வீட்டை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தேவாரத்துக்காரர்கள் வெற்றிலைத் தட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கன்னையன், மடிப்புக் கலையாமல். தவசி சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். கதவோரம் சுப்புத்தாய் அழுத கண்ணோடு நின்றாள்.

"மாமா! ஒத்தப்பல்லு கொண்டாந்துட்டேன்!"

முதுகில் என்ன இருக்கிறதென்று மற்றவர்கள் புரிந்துகொள்வதற்குள், அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த மருத்துவச்சி கருத்தம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"வந்திருச்சா? அப்ப ஏன் நிக்கிறீக? தோலை உரிச்சு, நல்லா நசுக்கி, கொதிக்கிற பாலுல போடுங்க!"

மொக்கையன் துண்டை அவிழ்த்துக்கொண்டு குதித்தார் பாருங்கள்! முழங்கால் பிடிப்பாவது ஒன்றாவது, ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்விட்டார்.

"அடப்பாவி! பாயாசம்னியேடா! என்னைய நசுக்கவா இம்புட்டுத் தூரம் தூக்கியாந்த?"

கருத்தம்மா கையில் அம்மிக் குழவியோடு எட்டிப் பார்த்தாள். அதைக் கண்டதும் அவர் தெருவுக்கே ஓடிவிட்டார்.

"யாருடா இந்த ஆளு? எங்கடா பூண்டு?" என்றாள் கருத்தம்மா.

"பூண்டா?" என்றான் சோலை.

"பூண்டுதாண்டா, கூறுகெட்டவனே! காதுக் குத்தலுக்கு எண்ணெயில காய்ச்சிச் சொட்டு விடுறோம், பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறக் குடுக்கிறோம், நெஞ்சுச் சளிக்குச் சுட்டுத் திங்கிறோம், தேள் கொட்டினா அரைச்சுத் தேய்க்கிறோம். அந்தப் பூண்டு! அதுல ஒத்தப்பல்லு! வாயுவுக்கு அதை மிஞ்சி ஒண்ணும் கிடையாது. நீ என்னடான்னா ஒரு கிழவனைக் கொண்டாந்து நிக்கிற!"

சோலை வாசல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்தான். திரும்ப மலையேறி வருவதற்குப் பொழுது ஏது? போச்சு, எல்லாம் போச்சு. சுப்புத்தாயை நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் தவசி ஒரு மாதிரி குலுங்கினார். வலி அதிகமாகிவிட்டதென்று எல்லோரும் பதறினார்கள். வலியில்லை, சிரிப்பு! "நசுக்கி... பாலுல..." என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கண்ணில் நீர் வழிய, வயிறு மேலும் கீழும் ஆட, தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சுப்புத்தாயும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

சிரிப்பின் உச்சியில் தவசி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. லேசான சத்தமில்லை. வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழி கூரைமேல் ஏறிக்கொண்டது. தொடர்ந்து இன்னொன்று, அதைவிட நீளம். எட்டு நாள் சரக்கல்லவா!

கன்னையன் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து தள்ளிப்போனான். தேவாரத்துக்காரர்கள் ஒருத்தர் விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சோலையோ ஓடிப்போய்த் தவசியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தான். "ஆத்தாடி, இளகிருச்சு! மாமாவுக்கு வாயு பிரிஞ்சிருச்சு! இன்னும் வருதா மாமா? அடக்காதீங்க, விடுங்க!" சற்றுமுன் எல்லாம் போச்சு என்று நின்றவன், அதையே மறந்துபோய்ச் சந்தோஷத்தில் கத்தினான்.

தவசி சிரிப்பை நிறுத்தினார். மூக்கைப் பொத்தியிருந்த அக்கா மகனைப் பார்த்தார். வியர்வையும் மண்ணுமாய்ப் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தார்.

"கன்னையா, கோவிச்சுக்காதப்பா," என்றார். "நான் நாளைக்கே படுத்துட்டா எம் பக்கத்துல உக்கார ஒரு ஆளு வேணும். இவன் உக்காந்துட்டான்."

பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "சுப்புத்தாயி, நம்ம வீட்டு வெத்திலையைக் கொண்டா."

கருத்தம்மா விடுவாளா? "பல்லு ஒண்ணோ பத்தோ, வீட்டுல இருக்கிற பூண்டைப் போட்டுப் பாலைக் குடிச்சிட்டு அப்புறம் சம்பந்தம் பேசுங்க," என்று குழவியை உருட்டத் தொடங்கினாள். யாரோ தெருக்கோடி வரை போய், நசுக்க மாட்டோமென்று சத்தியம் செய்து மொக்கையனைக் கூட்டிவந்தார்கள்.

சுப்புத்தாய் வெற்றிலையோடு வந்து சோலையின் எதிரில் நின்றாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டபோது அவனுக்குத்தான் அழுகை வந்துவிட்டது.