கரைந்துபோகும் கம்பி

அந்த எலெக்ட்ரீஷியன் சாவுக்குக்கூட அவ்வளவு பயப்படமாட்டார்; கரண்டுக்குப் பயப்படுவார். அந்தப் பயம்தான் இத்தனை வருஷம் தன்னைக் காப்பாற்றியது என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர், காய்ச்சல் வந்து தணிந்த கையோடு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். ஏணியிலிருந்து இறங்கியதும் கண் இருண்டு சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விஷயத்தை உடைத்துச் சொன்னார். காய்ச்சல் கிருமி இதயத்தையும் தொட்டிருந்தது. துடிப்பு ஆமை வேகத்துக்கு இறங்கியிருந்தது. அநேகமாகத் தானே சரியாகிவிடும். அதுவரை கொஞ்சம் கரண்டு கொடுத்துத் துடிக்க வைக்க வேண்டும்.

"கரண்டா? எனக்கா?" எழுந்து உட்காரப் பார்த்தார். தலை சுற்றியது, படுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. மெல்லிசான ஊசியில கூழ் மாதிரி ஒண்ணை உள்ள விடுவோம். இதயத்து மேல உறைஞ்சு கம்பி மாதிரி கரண்டைக் கடத்தும். வேலை முடிஞ்சதும் உடம்புக்குள்ளேயே கரைஞ்சுடும்."

"கரைஞ்சுபோற கம்பியா? என் சர்வீஸ்லயே கேள்விப்பட்டதில்ல. ஷாக் அடிச்சா?"

பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கறீங்க, உங்களுக்கு ஒரு பொட்டு ஆகாதா?"

சரியென்று எலெக்ட்ரீஷியன் தலையாட்டினார்.

ஊசி போட்டு, நெஞ்சுக்கு வெளியே கரண்டு கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டியை இணைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஷாக்குக்குக் காத்திருந்தவருக்குக் கால் விரல்களில் சூடு பரவியதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பசித்தது.

சில நாளில் இதயம் தேறியது. "பெட்டியை நிறுத்திப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"எப்பன்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர். சொன்னா பயத்துலயே நின்னுடும்."

மறுநாள் காலை டாக்டரம்மா வந்தபோது மனைவி கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இனிமே ஏணிப் பக்கமே போகக் கூடாது."

"ஏணி இல்லாம ஃபேன் எப்படி மாட்டறது? பறந்து போயா?"

"பறங்க, யாரு வேண்டாம்னா!"

சண்டை சூடுபிடித்தது. மூச்சு வாங்க நிறுத்தியவர் டாக்டரம்மா சிரிப்பதைக் கவனித்தார்.

"என்ன டாக்டர், இவளுக்கு நீங்களும் கூட்டா?"

"பெட்டியை அப்பவே நிறுத்திட்டேன். இவ்வளவு நேரம் கத்தினது உங்க சொந்த இதயம்."

மனைவி குனிந்து கணவரின் நெஞ்சில் காதை வைத்தார். வார்டே திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் பாக்கறாங்க, எந்திரி" என்று முணுமுணுத்த எலெக்ட்ரீஷியன், மனைவியின் தலையைக் கையால் அணைத்துக்கொண்டார்.