கொக்குக்கு வெள்ளையடித்த நாள்

செங்கழிமேட்டுச் சதுப்புக்கு ஐப்பசி முதல் மழையோடு பறவைகளும் விலங்குகளும் வெறும் கோடுகளாக வந்து சேரும். அவற்றுக்கு வண்ணம் தீட்டுவது தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பின் வேலை. ஆளுக்கொரு படத்தாள் கொடுப்பார்கள். தாளில் பிள்ளை எந்த நிறத்தை அடிக்கிறதோ, அந்தப் பிராணி அந்த நிறத்தில் நடமாடும். இந்த வருஷம் நீர்நாய் ஆரஞ்சு. தவளைகள் கத்தரிப்பூ நிறம். ஆமை பாதி மஞ்சளாகி, தீட்டிய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால், மீதி மூன்று நாள் கழித்துப் பச்சையானது.

கொக்கு மட்டும் கோடாகவே நின்றது.

அதன் தாள் பவதாரிணியிடம் இருந்தது. அவள் அப்பாவுக்குத் தர்மபுரிப் பக்கம் மாற்றலாகிக் குடும்பம் கிளம்பியபோது, தாளும் பையோடு போய்விட்டது. மாற்றுச் சான்றிதழை எழுதிக் கொடுத்ததே வகுப்பாசிரியை ஜெசிந்தாதான். தாளைத் திருப்பி வாங்க வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கொக்கு தினமும் பள்ளி வாசலுக்கு வந்தது. மீன் பிடிக்கும், விழுங்கும். மீன் கழுத்துக் கோட்டுக்குள் இறங்கி, வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெளியே விழுந்து துள்ளும். பத்தாம் நாள் கோடே மெலிந்து, ரப்பரால் அழித்த தடம்போல் ஆகிவிட்டது. ஜெசிந்தாவுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

"வேற பிள்ளைகிட்ட இன்னொரு தாள் குடுத்துப் பார்க்கலாமா சார்?" என்று தலைமையாசிரியர் அறிவுடைநம்பியிடம் கேட்டாள்.

"இன்னொரு தாள் குடுத்தா இன்னொரு கொக்கு வந்து நிக்கும் டீச்சர். அதுக்கு யார் பதில் சொல்றது? நீங்களே இதைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடுங்க."

சனிக்கிழமை முதல் பேருந்தில் ஏறினாள். கண்டக்டர் கொக்கை ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க."

"அப்ப டிக்கெட் வேணாம். ஜன்னலோரம் மட்டும் விடாதீங்க, காத்துல கோடு வளைஞ்சிடும்."

ஜெசிந்தா அதை மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். எடையே இல்லை. திருவண்ணாமலை தாண்டியதும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். கழுத்து எது, கால் எது என்று விரலுக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தது பவதாரிணி. "அம்மா, டீச்சரும் கொக்கும் வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஏம்மா, தாளுக்குக் கலர் அடிக்காமலே வச்சிருக்கியே?" என்றாள் ஜெசிந்தா, கொக்கை மடியில் இருத்திக்கொண்டு.

"அடிச்சிட்டேனே டீச்சர்."

பவதாரிணி தாளைக் கொண்டுவந்தாள். வானம் நீலம், தண்ணீர் பச்சை, கோரைப்புல் மஞ்சள். நடுவில் கொக்கு காலியாக இருந்தது.

"கொக்குக்கு அடிக்கலையே."

"அது வெள்ளை டீச்சர். இந்த ஊர்ல கொக்கு வெள்ளையாம். புது ஸ்கூல் மிஸ் சொன்னாங்க."

செங்கழிமேட்டில் போன வருஷம் கொக்கு நீலம். அதற்கு முந்தைய வருஷம் அரக்குச் சிவப்பு.

"இந்த ஊர்க் கொக்குக்கு யார் அடிக்கிறாங்க?"

"யாரும் இல்லையாம். அதுவாவே வெள்ளையாம்."

ஜெசிந்தா தாளை வாங்கிக்கொண்டாள். காலியும் வெள்ளையும் ஒன்றென்றால் கொக்கு ஏன் பட்டினி கிடந்தது? வேறு வேறென்றால் தாளில் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? தாளை வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பிப் பிடித்தாள். பிறகு பவதாரிணியின் அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கும் புரியல டீச்சர். நாங்க வந்தே ரெண்டு வாரந்தான் ஆகுது."

"வெள்ளைன்னு நினைச்சு விட்டியா, இல்ல விட்டுட்டு அப்புறம் வெள்ளைன்னு நினைச்சியா?"

பவதாரிணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மறந்துட்டேன் டீச்சர்."

"சரி. இப்ப நினைச்சுக்கிட்டே அடி."

கிரேயான் பெட்டியில் வெள்ளை மட்டும் முனை மழுங்காமல் இருந்தது. பவதாரிணி நாக்கைத் துருத்திக்கொண்டு, அலகில் ஆரம்பித்து, கோட்டைத் தாண்டாமல் தேய்த்தாள். தாளில் எதுவும் தெரியவில்லை. ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். தீட்டிய இடம் எது, தீட்டாத இடம் எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"எது வரைக்கும் வந்திருக்க?"

"முட்டி வரைக்கும்."

பவதாரிணி கிரேயானைக் கீழே வைத்ததும் ஜெசிந்தாவின் மடி கனத்தது. ஈர இறகு வாசம் வந்தது. கொக்கு அவள் தொடையில் நகம் பதித்து எழுந்து, இறங்கி, அடுப்படிக்கு நடந்து போய், சட்டியில் கழுவி வைத்திருந்த நெத்திலியை ஒவ்வொன்றாக விழுங்கியது. ஒவ்வொரு மீனுக்கும் ஜெசிந்தா அதன் காலடியைப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"இங்க குளம் குட்டை ஏதாவது இருக்கா? கொக்கு கொஞ்சம் நின்னு இளைப்பாறினா நல்லது."

"குழாய்த் தண்ணியே நாலு நாளைக்கு ஒருதரந்தான்" என்றாள் பவதாரிணியின் அம்மா. "இருங்க டீச்சர், இவ வீட்டுப்பாடத்தை முடிக்கட்டும்."

புதுப் பள்ளியில் வண்ணம் தீட்டுவது கிடையாது, புள்ளி சேர்ப்பதுதான். பவதாரிணி வேறொரு தாளை விரித்தாள். எண் போட்ட அறுபது புள்ளிகள். நாற்பத்தெட்டு வரை கோடு வந்திருந்தது. பெரிய ஏரி ஒன்றின் கரை முக்கால் சுற்று முடிந்திருந்தது.

"தண்ணி வர இன்னும் எத்தனை புள்ளி?" என்று அம்மா கேட்டாள்.

"பன்னெண்டு."

அம்மா பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். மிக்ஸியைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தாள். ஜெசிந்தா கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிசி டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக அதைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். கொக்கு வாசற்படிக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றது.

"அம்பத்தொன்பது" என்றாள் பவதாரிணி.

அம்மா வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்து உள்ளே உயரத்தில் வைத்தாள்.