அண்ணி பார்த்தது

"அப்பா, அந்தக் கண்ணாடிச் சில்லை இப்படியே முறைச்சுக்கிட்டிருந்தீங்கன்னா அது வெக்கப்பட்டு உடைஞ்சிடும்" என்றாள் மகள்.

"உடையணும்னுதானே உக்காந்திருக்கேன்."

"நல்ல வேண்டுதல். சுவர் என் தலைமாட்டுல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

கால் முறிந்து தொடைவரை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, மூன்றாவது மாடியில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள் அவள். தலைமாட்டுச் சுவரில் கூரையிலிருந்து ஜன்னல்வரை ஒரு வெடிப்பு. கட்டிலை எங்கே நகர்த்தினாலும் அதே சுவர்தான், வீடு அவ்வளவு. பக்கத்து மனையில் அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டத் தொடங்கிய பிறகு வந்த வெடிப்பு என்றார் அப்பா. கட்டின நாளிலிருந்து இருக்கிறது என்றார் குடியிருப்போர் சங்கத்து செகரட்டரி. எல்லாக் குடித்தனங்களும் மாடிப்படியில் நின்று பேசி, கையைத் தூக்கி, வெடிப்பு பழசுதான் என்று தீர்மானம் போட்டுவிட்டன.

"கையைத் தூக்கினா சுவர் நிக்குமா? காலைத் தூக்கி முட்டுக் குடுக்கச் சொல்லு, பாப்போம்" என்று அப்பா கத்தினார்.

கத்தியது யார் என்பதுதான் வினை. எதிர்ச்சாரியில் சலூன் வைத்திருக்கும் அவருக்குத் தெருவே வைத்த பெயர் ரேடியோ. கடை மேசைக்குள் ஒருமுறை எலி புகுந்தது. சாயங்காலம் அது பெருச்சாளி ஆனது. மறுநாள் அந்தப் பெருச்சாளி கத்தரிக்கோலைக் கவ்விக்கொண்டு ஓடியது. கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே முடி வெட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து சுவர் விழப்போகிறது என்று வந்தால் யார் மூட்டை கட்டுவார்கள்?

அவர் மனைவி நேர் எதிர். வீட்டிலேயே துணி தைப்பவள். செகரட்டரி மனைவி புது உடுப்பைப் போட்டுப் பார்த்து, "அண்ணி, இதுல குண்டாத் தெரியுறேனா?" என்று கேட்டபோது, "தெரியுது" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னவள். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அண்ணி. அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை.

ரேடியோவின் நச்சரிப்புப் பொறுக்காமல் சங்கம் ஓர் இஞ்சினியரைக் கூட்டிவந்தது. அவர் விரல் அகலக் கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து, வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பூசி ஒட்டினார்.

"சுவர் அசைஞ்சா இது தாங்காது, உடைஞ்சிடும். உடைஞ்சா மறுபேச்சில்லாம எல்லாரும் இறங்கிடுங்க. உடையலைன்னா வெடிப்பு பழசு, நிம்மதியாத் தூங்குங்க."

"அப்ப நாங்க யாரும் யாரையும் நம்ப வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் செகரட்டரி சந்தோஷமாக.

"வேண்டாம். கண்ணாடியை நம்புங்க."

அன்றிலிருந்து ரேடியோ கடையைத் தாமதமாகத் திறந்து, சீக்கிரம் சாத்தி, மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ஒரு காலையில், வலி மாத்திரை போட்டு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி முன்னறையில் மிஷினில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். நகம் வெட்டும் சத்தம் மாதிரி, அவ்வளவுதான். வாயில் நூலோடு எழுந்து போய்ப் பார்த்தாள். ரேடியோ சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தார். வலது கை காற்றில் தூக்கினபடி இருந்தது. கண்ணாடித் துண்டுகள் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தன.

"உடைஞ்சிடுச்சு" என்றார்.

அவள் நூலைத் துப்பினாள். "கை அங்க என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணும்? தொட்டுப் பாத்தேன்."

"உடையறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"போலீஸ்காரி மாதிரி கேக்காத. சுவர் பிளந்துக்கிட்டு வருது, இவளுக்கு முன்னாடி பின்னாடி."

சொல்லிக்கொண்டே அவர் வேகவேகமாகத் துண்டுகளைச் செய்தித்தாளில் அள்ளினார். சவரக் கத்தியை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த இரண்டு முனைகளையும் சிமெண்டோடு சுரண்டிப் பொட்டலத்தில் போட்டார்.

"அதை ஏன் பேர்க்கறீங்க? இஞ்சினியர் வந்து பாக்கட்டுமே."

"செகரட்டரிகிட்டக் காட்ட அத்தாட்சி வேண்டாமா?"

"சுவர்ல இருந்தாத்தாங்க அது அத்தாட்சி. உங்க கையில இருந்தா குப்பை."

அவர் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மகள் விழித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தா, ஒண்ணே ஒண்ணு செய்" என்றார், குரலைத் தணித்து. "நீ பாத்தேன்னு சொல்லிடு. கண்ணாடி தானா உடைஞ்சுது, நான் கண்ணால பாத்தேன்னு. ஒரு வாக்கியம். நான் சொன்னா சிரிப்பானுங்க. நீ சொன்னா செருப்பைக்கூடத் தேடாம இறங்குவானுங்க."

"நான் பாக்கலையே."

"சுவர் நகருதுன்னு நம்புறியா இல்லையா?"

அவள் வெடிப்பைப் பார்த்தாள். போன மாதம் அதில் ஊசி நுழையவில்லை. இப்போது நுழையும்போல இருந்தது. இருந்ததா, பயத்தில் தோன்றியதா? "நம்புறேன்னுதான் நினைக்கறேன்."

"அப்புறம் என்ன பொய்? நடந்த விஷயம். நீ பாக்காமப் போன நேரத்துல நடந்துடுச்சு. அது விஷயத்தோட தப்பா, உன் கண்ணோட தப்பா?"

"நல்லா பேசுறீங்க. பெருச்சாளிக்கும் இப்படித்தான் பேசினீங்க."

"அம்மா" என்றாள் மகள். "அப்பா உடைச்சாரா?"

"தெரியலை."

"கேளேன் அவரையே."

"கேட்டா என்ன சொல்வார்னு தெரியும். அது நிஜமான்னுதான் தெரியாது."

ரேடியோ பொட்டலத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாம மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிடலாம்" என்றாள்.

"போலாம். பள்ளம் தோண்டறவன் நிறுத்துவானா? கீழ் வீட்டுல இருக்கறவங்க மேல விழட்டுமா? எல்லாரும் இறங்கினாத்தான் நிறுத்துவான்."

அது மட்டும் அவள் மனசில் தைத்தது.

மாடிப்படி அடியில் எல்லாரும் கூடினார்கள். ரேடியோ பொட்டலத்தை விரித்துக் காட்டிவிட்டு ஆரம்பித்தார். "நான் டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கண்ணு முன்னாடி, இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். சுவர் கட்டைவிரல் அளவு விலகுது. வெளிச்சம் தெரியுது..."

"வெளிச்சத்துல யார் தெரிஞ்சாங்க, அதையும் சொல்லுங்கண்ணே" என்றார் ஒருவர். சிரிப்பு படியேறியது.

அண்ணி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. டீயும் இல்லை, இடியும் இல்லை. உள்ளதையும் கெடுத்தார் மனுஷன். இவர் உண்மையே சொன்னாலும் அதற்கு மீசை தாடி ஒட்டாமல் விடமாட்டார். அதனால்தான் இன்றைக்கு ஒரு கட்டிடமே சிரித்துக்கொண்டு உள்ளே உட்காரப்போகிறது என்று நினைத்தாள்.

செகரட்டரி கையமர்த்தினார். "ரேடியோவை அணைங்கப்பா. அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்களா?"

சிரிப்பு நின்றது. எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. மேலே மகள் தனியாகக் கிடக்கிறாள்.

"பாத்தேன்" என்றாள்.

"தானா உடைஞ்சுதா?"

"தானா."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் விழுங்கியதெல்லாம் வெளியே வந்திருக்கும். யாருக்கும் தேவைப்படவில்லை.

நான்கு பேர் சேர்ந்து மகளைப் பாயில் வைத்துத் தூக்கிவந்தார்கள். அடுப்பை அணைத்து, குழந்தைகளை வாரிக்கொண்டு, பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்து, எல்லாரும் எதிர்ச்சாரிக்கு வந்துவிட்டார்கள். செகரட்டரி தன் வயதான அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து, வெயில் படாமல் இருக்கட்டும் என்று ரேடியோவின் சலூனில் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். படி இறங்கும்போது கைப்பிடியில் இடித்து அந்த அம்மாளின் முழங்கையில் ரத்தம் கட்டியிருந்தது.

"டேய், கண்ணாடிக்கு முன்னாடி உக்கார வெச்சுட்டு மொட்டை அடிச்சிடாதீங்கடா" என்றார் அந்த அம்மாள்.

"அண்ணி சொன்னதால இறக்கினேம்மா. இல்லைன்னா உன்னை அசைப்பேனா?" என்றார் செகரட்டரி.

அண்ணி அந்த முழங்கைக்குத் தண்ணீர் தொட்டு ஒற்றினாள். ரேடியோ பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் காலையில் இருந்த இறுக்கம் இல்லை.

"இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு" என்றார் மெதுவாக.

"எல்லாரும் இறங்கிட்டாங்கன்னா?"

"அதுவும்தான். ஆனா வேற. எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. தொட்டப்போ உடைஞ்சுதா, உடைஞ்சப்புறம் தொட்டேனான்னு. அத்தனை நாளா அதையே பாத்துக்கிட்டிருந்தேனில்ல, விரல் கொஞ்சம் அழுத்திடுச்சோன்னு. நீ பாத்தேன்னு சொன்னியே, அப்பதான் தெளிஞ்சுது. அப்ப நான் உடைக்கலை."

ஈரத்துணி அவள் கையிலேயே நின்றது. "நீங்க சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன்."

"நான் ஆயிரம் சொல்வேன். நடக்காததை நீ சொல்வியா? கதவோரத்துல நின்னு பாத்திருக்க. என்னை மிரட்டறதுக்காகப் பாக்கலைன்னிருக்க."

அவர் கேலி செய்யவில்லை. அவள் அவர் பேச்சின் மேல் நின்று சொன்னாள். அவர் அவள் பேச்சின் மேல் ஏறி நிற்கிறார். கீழே ஒன்றுமே இல்லை.

செகரட்டரி சொல்லியனுப்பி இஞ்சினியர் வந்து இறங்கினார். பின்னால் ஒரு லாரியில் இரும்புக் குழாய்களோடு ஆட்கள். சுவரைப் பார்க்கப் போனவர் சீக்கிரமே திரும்பினார்.

"யாருங்க அதைச் சுத்தமாச் சுரண்டினது? முனை இருந்தாலாவது பாத்துச் சொல்லியிருப்பேன். சரி, கண்ணால பாத்தவங்க இருக்காங்கன்னாங்களே?"

"அண்ணிதான்" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உடையறப்போ துண்டு ரெண்டும் பக்கவாட்டுல விலகுச்சா, இல்லை ஒண்ணு உங்க பக்கமா எட்டிக்கிட்டு வந்துச்சா? பக்கவாட்டுலன்னா உள்ளே முட்டுக் குடுக்கலாம். எட்டிக்கிட்டு வந்துச்சுன்னா சுவர் உள்பக்கமா சாயுது. அப்ப இந்த ஆளுங்களை அந்த அறைக்குள்ள அனுப்பக்கூடாது."

லாரியிலிருந்து இறங்கிய ஒருவன் பீடியை அணைத்துவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் பாக்கலை" என்றாள்.

"எந்தப் பக்கம்னு கவனிக்கலையா?"

"எதையுமே பாக்கலை. சத்தம் கேட்டுப் போனேன். போறப்போ உடைஞ்சு கிடந்துச்சு. இவர் கை சுவர்கிட்ட இருந்துச்சு."

இஞ்சினியர் செகரட்டரியைத் திரும்பிப் பார்த்தார்.

"படிகிட்ட பாத்தேன்னீங்களே அண்ணி" என்றார் செகரட்டரி.

"பொய் சொன்னேன்."

எத்தனையோ வருஷமாக ரேடியோவின் பொய்க்குச் சிரித்தவர்கள் இந்தப் பொய்க்குச் சிரிக்கவில்லை. செகரட்டரி மனைவி தன் உடுப்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். ரேடியோ அண்ணியின் கையைப் பிடித்தார்.

"அப்ப நான்தான் உடைச்சேனா?" என்று கேட்டார், வழி தெரியாதவர் கேட்பதுபோல.

"எனக்கெப்படிங்க தெரியும்?"

இஞ்சினியர் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப எனக்கும் எதுவும் தெரியாது. கருவி கொண்டுவந்து அளக்கணும், நாளைக்கு ஆகும். என்னைக் கேட்டா வெளியே இருங்கம்பேன். எழுதிக் குடுன்னு கேட்டா முடியாது." ஆட்களை லாரியில் ஏறச் சொன்னார்.

முதலில் ஒரு குடும்பம் சாலையைக் கடந்தது. அது போவதைப் பார்த்து இன்னொன்று. "புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து காதுல பூ சுத்திட்டாங்க" என்று யாரோ சொன்னது அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொல்லப்பட்டது. மகள் பாயிலிருந்து தலையைத் தூக்கி, "நாம போகலைல்லம்மா?" என்றாள். "போகலை" என்றாள் அண்ணி.

செகரட்டரி சலூனுக்குள் வந்தார். அண்ணியைப் பார்க்காமல், தன் அம்மாவைத் திரும்பத் தூக்கிப்போகப் பிளாஸ்டிக் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் போட்டார்.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்க. சுவர் நகருது" என்றாள் அண்ணி.

"இது பாத்துட்டுச் சொல்றீங்களா அண்ணி, பாக்காமச் சொல்றீங்களா?"

"பாக்காமத்தான்."

"அண்ணனாவது நிச்சயமாச் சொல்வாரா?"

ரேடியோ வாயைத் திறந்தார். அவர் வாயைத் திறந்து சொல் வராமல் மூடியதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

"அப்ப எதை வெச்சுச் சொல்றீங்க?"

"பயமா இருக்கு தம்பி. அதை வெச்சுத்தான்."

செகரட்டரி நிமிர்ந்தார். எதிரே மூன்றாவது மாடியைப் பார்த்தார். இரண்டாவது மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து துணி காயப்போட்டார்கள்.

"என்னடா, தூக்கறியா, இருக்கட்டுமா? ஒரு முடிவுக்கு வா" என்றார் அவர் அம்மா.

செகரட்டரி ஒரு கையைப் பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார்.