பிலோமியின் கை

டோரதி எம்.எஸ்ஸி. படித்தவள். ராயபுரத்தில் ஹார்பர் மூட்டை தூக்கும் இன்னாசியின் மகள். திருவொற்றியூர் ரப்பர் கம்பெனியில் அவளுக்கென்று ஒரு சோதனை அறை கொடுத்திருந்தார்கள். அறை என்றால், பாய்லருக்குப் பின்னால் தகரம் அடித்த ஒரு மூலை. நோயாளிக்கு ரத்தம் ஏற்ற அங்கே ரப்பர் குழாய்தான் செய்தார்கள். நாலு தடவை கொதிக்கவைத்தால் பிசுபிசுத்துப்போகும். அதற்குப் பதிலாக டோரதி பிளாஸ்டிக்கில் ஒரு குழாய் காய்ச்சி எடுத்திருந்தாள். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது.

மானேஜர் கிருஷ்ணப்பன் பட்டென்று சொல்லிவிட்டார்: "ஆஸ்பத்திரியிலேருந்து பெரிய டாக்டர் பார்க்க வர்றார். குழாய் பாஸானா சோதனைச்சாலையே உன் கையில. இல்லேன்னா பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை? டைப் அடிக்கப் போ."

டாக்டர் கேட்டது ஒன்றுதான். இந்தப் பிளாஸ்டிக்கை மனித உடம்பு தாங்குமா? தோலுக்கடியில் ஒரு துண்டு வைத்துத் தைத்துக் காட்ட வேண்டும்.

டோரதி தன் கையிலேயே வைத்திருக்கலாம். அமிலம் பட்டுப் பட்டுக் காய்த்த கை, சரிப்படாது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கையுறை செக்‌ஷன் பிலோமியைக் கூப்பிட்டாள். ராயபுரம் கல்மண்டபத்தில் பக்கத்து வீட்டுக்காரி. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, இரண்டு பிள்ளைகள்.

"வலிக்குமாக்கா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"மீன் முள்ளு குத்தாத கையா இது! வையிக்கா. நீ பெரியாளானா எனக்குந்தானே பெருமை."

கம்பெனி கம்பவுண்டர் வலது முன்கையைக் கீறி, துண்டை வைத்துத் தைத்தான்.

சில நாளிலேயே கை வீங்கியது. டோரதி அழுத்திப் பார்த்தாள், சீழ் கோத்திருந்தது. குழாயை மெத்தென்று ஆக்க ஊற்றிய எண்ணெய் கசிகிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. குழாயைக் கொதிக்கவைத்த தண்ணீரில் அந்த எண்ணெய் படலமாக மிதந்ததை முன்பே பார்த்தவள்தான். துண்டை எடுத்திருந்தால் கை பிழைத்திருக்கும்.

"டாக்டர் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ," என்றாள்.

பிலோமி பொறுத்தாள். அக்காவின் காரியம் கெட்டுவிடக்கூடாதே என்று, டாக்டர் வருவதற்கு முதல் நாள், கெளுத்தி மீன் முள் குத்தினால் குப்பத்தில் செய்வதுபோல சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் புண்மேல் அப்பிக்கொண்டாள்.

கட்டைப் பிரித்ததும் நாற்றம் தாங்காமல் டாக்டர் மூக்கைப் பொத்தினார். "என்னம்மா தடவினே?"

"சுண்ணாம்பு சாமி. வீக்கம் வடியட்டும்னு."

"கலீஜ் பிடிச்ச ஜனம்!" என்று கிருஷ்ணப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ பிளாஸ்டிக் மேல தப்பில்லையே?"

எல்லாரும் டோரதியைப் பார்த்தார்கள்.

"இல்லை சார். போன வாரம் புண் ஆறித்தான் இருந்துச்சு. சுண்ணாம்புதான் சதையைத் தின்னிருக்கு."

பிலோமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலை குனிந்துகொண்டாள்.

"ஆமா சாமி. அக்கா மேல தப்பு இல்ல. என் புத்திதான் பேஜாராயிடுச்சு."

கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் கைக்காரிக்குக் கையுறை செக்‌ஷனில் என்ன வேலை? நிறுத்திவிட்டார்கள். டோரதிக்கு மின்விசிறி போட்ட அறை கிடைத்தது. முதல் வேலையாக, யாரிடமும் சொல்லாமல் எண்ணெயை மாற்றினாள். புதுக் குழாயையும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.

கேட்டருகே பிலோமி காத்திருந்தாள்.

"எதுனா வேலை இருக்காக்கா? புள்ளைங்க பட்டினி." இடது கையை நீட்டினாள். "இன்னொரு கை கீதே."

டோரதி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோலைக் கிள்ளிப் பார்த்தாள். புண்ணோ சொறியோ இல்லை.

"உள்ளே வா," என்றாள். "இந்தத் தடவை மட்டும் சுண்ணாம்பு கிண்ணாம்பு அப்பினே, பாரு."